காட்சி பங்களாவுக்குப் போன பங்குக் கல்

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புத்தி கொஞ்சம் கூடுதல். அதனாலேதான் கெட்டோம். புத்தி குறைந்த ஊர்க்காரர்கள் எல்லாம் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் அறுத்து, பத்தாயத்தை நிறைத்து, வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தார்கள். நான் வாழ்க்கைப்பட்டுப் போன ஊர் மட்டும் ஒரு கல்லைக் கொண்டுபோய்க் காட்சி பங்களாவில் ஒப்படைத்துவிட்டு வயலில் வைக்கோல் அறுத்தது. இந்தக் கதையை எப்போது சொன்னாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அழுகை அதற்குப் பிறகுதான்.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குளத்திலிருந்து வருகிற கால்வாய் ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். பக்கவாட்டில் திரும்புகிற வாய்க்கால் மேலூருக்கு. நேரே போவது எங்களுக்கு. நாங்கள் கடைமடை. மேலூர் வாய்க்காலின் வாயில், வீட்டு வாசல்படி மாதிரி குறுக்கே ஒரு கருங்கல் கிடந்தது. பங்குக் கல் என்போம். தண்ணீர் அந்தக் கல்லைத் தாண்டி உயர்ந்தால்தான் மேலூருக்குள் நுழையும். வரத்து குறைந்த காலத்தில் கல்லின் உயரத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீர் முழுவதும் நேரே எங்கள் வயலுக்கு வந்து சேரும். "கல்லுக்கு மேல அவனுக்கு, கல்லுக்குக் கீழ நமக்கு" என்று எங்கள் ஊரில் பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டும்போதுகூடச் சொல்வார்கள். தலைமடைக்காரன் எப்படியும் பிழைத்துக்கொள்வான், கடைமடைக்காரன் சாகக்கூடாது என்று எந்தக் காலத்திலோ ஒரு நல்ல மனுஷன் நினைத்திருக்கிறான்.

கல்லின் பக்கத்தில் எழுத்து வெட்டியிருந்தது. பழைய வட்டெழுத்து. ஊரில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததாலேயே அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தண்ணீர்ப் பங்குதான் எழுதியிருக்கிறது என்று கிழவன் முதல் பிள்ளை வரை சத்தியம் பண்ணுவார்கள். கல்லின் மேல்முகத்தில் ஒரு சின்னக் குழி. குளிக்க வருகிற பெண்கள் தலைமுறை தலைமுறையாக மஞ்சள் உரைத்து உண்டான குழி. கலியாணமாகி வந்த மறுநாள் நானும் அதில்தான் மஞ்சள் உரைத்தேன்.

நான் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தபோதுதான் ஊருக்குப் புத்தி முற்றியது. மேலூர்க்காரர்கள் கல்லை உடைக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. யார் சொன்னது, எவன் கேட்டது என்று ஒரு தும்பும் இல்லை. அதே சமயத்தில் சர்க்கார் ஆள் ஒருவர் காகிதமும் மையுமாக ஊர் ஊராக வந்து கல்லெழுத்துகளைப் படி எடுத்துக்கொண்டிருந்தார். பத்மநாபபுரம் கோட்டைக்குள்ளே பழைய சாமான்களை எல்லாம் சேர்த்து வைத்து ஜனங்களுக்குக் காட்டப் போகிறார்கள், உங்கள் ஊர்க் கல்லையும் தந்தால் பத்திரமாக வைப்போம் என்று அவர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்.

எங்கள் குடும்பத்தில் பெரிய மாமா என்று ஒருவர். என் மாமனாருக்கு மூத்தவர். கோர்ட்டும் கச்சேரியும் அவருக்குத் தாய்வீடு. யார் வீட்டுக் கோழி யார் வீட்டு மிளகாயைக் கிளறினாலும் மனு எழுதுகிற மனுஷன். அவருக்கு அன்றைக்கு மூளை மின்னிவிட்டது. "சர்க்காருக்க வீட்டுல இருக்கப்பட்ட கல்ல எவன் வே உடைப்பான்? எழுத்து பத்திரமா இருந்தா பங்கும் பத்திரமா இருக்குமாக்கும்" என்றாராம். ஊரே தலையை ஆட்டியது. என் வீட்டுக்காரரும் ஆட்டியிருக்கிறார். அவர் எதற்குத்தான் ஆட்டமாட்டார்.

கல்லைப் பெண்ணை அனுப்புகிற மாதிரி அனுப்பினார்களாம். தெருப் பெண்களை எல்லாம் கூட்டி, புளியும் மணலும் போட்டுத் தேங்காய் நார்ச் சவுரியால் நாள் பூராவும் தேய்க்கச் சொல்லியிருக்கிறார் பெரிய மாமா. மகாராஜா பார்க்கிற இடத்துக்கு அழுக்கோடு போகக்கூடாதாம். கருப்புக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டதாம். சந்தனம், குங்குமம், அரளிமாலை, மேளம். வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றும்போது மேலூர்க்காரர்களும் வந்து ஒரு கை கொடுத்திருக்கிறார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. உடைக்க வருகிறவன் ஏன் தோள் கொடுக்கிறான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பழைய கல் கிடந்த இடத்தில் அதே நீளம், அதே கனத்தில் புதுக் கருங்கல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். நான் கைப்பிள்ளையோடு திரும்பி வந்தபோது இதையெல்லாம் ஒரு திருவிழா நடந்த மாதிரி எனக்குச் சொன்னார்கள். எனக்கும் அப்போது அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. புதுக் கல்லில் மஞ்சள் உரைத்தால் ஒட்டமாட்டேன் என்கிறதே என்று மட்டும்தான் வருத்தம்.

மழை பெய்கிற வருஷத்தில் எந்தக் கல்லும் நல்ல கல்தான். அடுத்த வருஷம் மழை ஏமாற்றியது. அப்போதுதான் பார்த்தோம், புதுக் கல் தாழ்ந்து கிடந்தது. ஒரு கையகலம் இருக்கும். கல்லாகவே அமர்ந்ததோ, யாராவது அமர்த்தினார்களோ, அந்த ஆத்தாளுக்குத்தான் வெளிச்சம். ஓடி வருகிற தண்ணீர் எல்லாம் பக்கத்தில் திரும்பி மேலூருக்குள் போயிற்று. எங்கள் வாய்க்காலில் பிள்ளை மூத்திரம் போல ஒரு கோடு. கல் தாழ்ந்துவிட்டது என்று நாங்கள் சொன்னோம். அது எப்போதும் இப்படித்தான் கிடந்தது என்று அவர்கள் சொன்னார்கள். கற்பூரம் அடித்துச் சத்தியமும் பண்ணினார்கள். கன்னிப்பூ போயிற்று.

கும்பப்பூவும் அதே வழிக்குப் போய்க்கொண்டிருந்தது. மார்கழி மாசம், பயிர் கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டி நிற்கிறது. வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்கு எப்படிச் சோறு வேண்டுமோ அப்படித் தண்ணீர் வேண்டிய நேரம். கால் வைத்தால் கால் போகிற அளவுக்கு வயல் வெடித்துக் கிடந்தது. எங்களுடையது கோயில் நிலம், பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்குச் செய்கிறோம். இரண்டு பூ அடுத்தடுத்துப் பொய்த்தால் நிலம் வேறு கைக்குப் போய்விடும். போனால் எங்களுக்கு மலைதான் கதி. தோட்டக்காட்டு வேலைக்கு ஆள் பிடிக்கிறவன் அப்போதே ஊருக்குள் நடமாடத் தொடங்கியிருந்தான். மலைக்குப் போனவர்கள் கைப்பிள்ளையோடு திரும்பி நான் பார்த்ததில்லை. அங்கே காய்ச்சலுக்குப் பிள்ளை தங்காது. என் பிள்ளை அப்போது பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியிருந்தான். வாய்க்காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவன் முகம்தான் தெரியும். தண்ணீர் வந்தால் அவன் இருப்பான், வராவிட்டால் இல்லை. எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

தாசில்தார் வந்து கரையில் நின்றார். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். பழைய கல்லின் மட்டத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். பெரிய மாமா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னே போய், "ஆதாரம் சர்க்காருட்டத்தான் இருக்கு ஏமானே. பத்மநாபபுரத்துல காட்சி பங்களாவுல பத்திரமா இருக்கு" என்றார். முகத்தில் என்ன பெருமை. அப்படியானால் அதை வாசித்து எழுதி வாங்கி வாருங்கள், அதுவரை இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டும் என்று தாசில்தார் போய்விட்டார். இருக்கிறபடி இருந்தால் தண்ணீர் யாருக்கு? அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

மறுநாள் விடிகாலையிலேயே பெரிய மாமாவும் என் வீட்டுக்காரரும் கிளம்பினார்கள். நானும் வருகிறேன் என்று பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டேன். பெம்பிளைக்கு அங்கே என்ன வேலை என்றார் மாமா. "மாமா, நீங்க பேசினா சட்டம் பேசுவீங்க. இவுக பேசவே மாட்டாவ. எனக்க பிள்ளைக்குள்ள சோத்த நான்தான் பேசணும்" என்றேன். என் வீட்டுக்காரர் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன். மாமா அவரைப் பார்த்தார். அவர் வாய்க்காலைப் பார்த்தார். சரி வந்து தொலை என்று சொல்லிவிட்டு மாமா முன்னே நடந்தார்.

கோட்டாறு வரை நடந்து, அங்கிருந்து மோட்டாரில் தக்கலைக்குப் போய், அங்கிருந்து கோட்டைக்கு மறுபடியும் நடை. பிள்ளைக்குத் தாகத்துக்கு ஒரு பித்தளைக் கூஜாவில் தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன். எங்கள் கிணறும் அப்போது அடியில்தான் கிடந்தது. ஊறுகிறதைக் காத்திருந்து கோரிய தண்ணீர் அது. வழி முழுவதும் மாமா கல்லில் என்ன எழுதியிருக்கும் என்பதைச் சொல்லிக்கொண்டே வந்தார். மேலூருக்கு இத்தனை பங்கு, கீழூருக்கு இத்தனை பங்கு, மீறினவன் காசியில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று கடைசி வரியில் இருக்குமாம். கேட்கக் கேட்க எனக்கும் தெம்பாகத்தான் இருந்தது. இன்றைக்குக் காகிதம் கிடைத்தால் நாளைக்குக் கல் உயரும், மறுநாள் தண்ணீர் வரும், பொதி வெளியே தள்ளிவிடும் என்று மனதுக்குள் நானே வயலைப் பச்சையாக்கிக்கொண்டு நடந்தேன்.

காட்சி பங்களாவைப் பற்றி என்ன சொல்ல. மரத்தால் ஆன நீள நீளமான அறைகள். எட்டி நின்று பார்க்க வேண்டும், தொடக்கூடாது. முதல் அறையில் சாமிகள். கை போனது, மூக்கு போனது, தலையே போனது என்று வரிசையாக நிற்கின்றன. மாமா ஒவ்வொன்றுக்கும் கும்பிட்டுக்கொண்டே போனார். இது எந்த சாமி என்று ஒன்றைக் காட்டிக் கேட்டார். "சாமிப் பேரு எனக்குத் தெரியாது வே, நம்பர் போட்டிருக்கு பாரும்" என்றான் காவல் நிற்கிற சேவகன். பார்த்தால், எல்லாச் சாமிக்கும் காலடியில் ஒரு நம்பர். அடுத்த அறையில் வாளும் ஈட்டியும். அதற்கடுத்து நாழி, மரக்கால் என்று பழைய அளவுகள். எங்கள் வீட்டில் அளப்பதற்கு நெல் இல்லை, இங்கே அளவுகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அடியில் ஊசித் துளை போட்ட ஒரு செப்புக் கிண்ணம் இருந்தது. தண்ணீரில் மிதக்கவிட்டு, அது முழுகுகிற நேரத்தைக் கொண்டு அந்தக் காலத்தில் வயலுக்கு முறை வைத்தார்களாம். உள்ளே தூசி. எனக்கு அங்கே எதைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது. இதையெல்லாம் பார்த்து வாயைப் பிளக்க எனக்கு நேரம் இல்லை. கல் எங்கே, கல் எங்கே என்று அரித்துக்கொண்டே இருந்தேன்.

கல்லுகளெல்லாம் பின்னால் ஒரு கூடத்தில் இருந்தன. வரிசையாகச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். மாமா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு கடைசி வரை போய்விட்டார். நம் கல்லைக் காணோம் என்றார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? காலமெல்லாம் படுத்துக் கிடந்த கல்லைச் செங்கல் பீடம் கட்டிச் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறார்கள். எழுத்து தெரியவேண்டும் என்று எழுத்துக்குள் சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். நான்தான் கண்டுபிடித்தேன். என் இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில், அந்த மஞ்சள் குழி இருந்தது. தேய்த்தும் போகாமல் அதற்குள்ளே கொஞ்சம் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊர்க்கார மனுஷனை ஆஸ்பத்திரியில் பார்த்த மாதிரி இருந்தது.

கல்லெழுத்து வாசிக்கிற அதிகாரி வந்தார். சின்ன வயசு. திருவனந்தபுரத்துப் பக்கம் போலிருக்கிறது, பேச்சில் மலையாளம் இழுத்தது. நல்ல மனுஷன், அதையும் சொல்லிவிட வேண்டும். உட்காரச் சொன்னார். பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். மாமா விஷயத்தைச் சொன்னார். அதிகாரி ஒரு மாதிரி தயங்கினார். பிறகு கல்லுக்கு எதிரே நின்று விரலை ஓட்டிக்கொண்டு வாசித்தார்.

யாரோ ஒரு வியாபாரி. ஏதோ ஒரு கோயில். கோயிலின் பேர் இருக்கிற இடத்தில் கல் உடைந்திருக்கிறது. அங்கே ஒரு விளக்கு அணையாமல் எரிய நெய் வேண்டும், அதற்காக அந்த வியாபாரி ஆடுகள் கொடுத்திருக்கிறார். சூரியனும் சந்திரனும் உள்ளவரை அந்த விளக்கு எரிய வேண்டும். அவ்வளவுதான்.

"வெள்ளத்தப் பத்தி?" என்றார் மாமா.

தண்ணீரைப் பற்றி இதில் ஒன்றும் இல்லையே என்றார் அதிகாரி.

"நல்லாப் பாரும் ஏமானே. கீழ இருக்கும். இல்லன்னா அந்தப் பக்கம் இருக்கும்."

அவர் மறுபடியும் வாசித்தார். குனிந்து கீழேயும் பார்த்தார். சேவகனைக் கூப்பிட்டு விளக்கைக் கொண்டுவரச் சொல்லிச் சுவர்ப் பக்கமும் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் மொட்டைக் கல். எங்கேயோ இடிந்த கோயிலிலிருந்து யாரோ ஒரு துண்டு கல்லை எடுத்துவந்து உங்கள் வாய்க்காலில் போட்டிருக்கிறார்கள், அந்தக் காலத்தில் அது சகஜம் என்று மெல்லச் சொன்னார்.

மாமா விடவில்லை. "ஏமான் ஒரு காகிதத்துல இது வெள்ளப் பங்குக் கல்லுதான்னு மட்டும் எழுதித் தந்தாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம். பயிரு பொதியோட நிக்கி" என்றார். அந்தக் குரலை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. தாசில்தாரிடமே நெஞ்சை நிமிர்த்திப் பேசுகிறவர், பெற்ற பிள்ளை வயசுள்ள ஒருத்தரிடம் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். கல்லில் இல்லாததை நான் எப்படி எழுதித் தருவேன் பெரியவரே என்றார் அதிகாரி. அவர் முகமும் வாடித்தான் போயிற்று.

எனக்கு வந்ததே ஒரு வெப்ராளம். "எழுத்து நாசமாப் போட்டும், சாரே. எங்களுக்கு எழுத்து வேண்டாம். இந்தக் கல்லு மண்ணுக்குள்ள எம்புட்டுப் புதைஞ்சு கிடந்துது, எம்புட்டு வெளிய நின்னுது? அத இந்தக் கல்லப் பாத்து ஒங்களால சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். எங்கிருந்து எனக்கு அந்தக் கேள்வி வந்தது என்று தெரியாது. கேட்ட பிறகுதான் எனக்கே புரிந்தது. பங்கு எழுத்தில் இருந்ததில்லை. கல்லின் இருப்பில்தான் இருந்திருக்கிறது. அது கிடந்த மட்டம்தான் எங்கள் ஆதாரம். அதை நாங்களே பெயர்த்தெடுத்து, மாலை போட்டு, மேளம் கொட்டி அனுப்பிவிட்டோம்.

அதிகாரி கல்லுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அடியிலிருந்து நுனி வரை கையால் தடவிப் பார்த்தார். வெகுகாலம் தண்ணீரில் கிடந்த கல்லில் கறை ஏறி இருக்கும் என்றார். மண்ணுக்குள் இருந்த இடத்தில் ஒரு நிறம், தண்ணீர் பட்ட இடத்தில் பாசிக்கறை, இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்த மாதிரி ஒரு வரை இருக்கும். அது இருந்தால் எவ்வளவு வெளியே நின்றது என்று தாராளமாகச் சொல்லலாம், எழுதியும் தரலாம்.

"இருக்கா?" என்றேன்.

இல்லை என்றார். சாதாரணமாக ஊர்களிலிருந்து வருகிற கல்லெல்லாம் மண்ணும் பாசியுமாகத்தான் வரும், இங்கே வைத்து நாங்கள்தான் தேய்ப்போம். தேய்ப்பதற்கு முன்னால் இந்த மாதிரிக் கறையை எல்லாம் குறித்துக்கொள்வோம். இந்தக் கல் ஒன்றுதான் வரும்போதே பளபளவென்று வந்தது. உங்கள் ஊர்க்காரர்கள் எங்களுக்கு வேலையே வைக்கவில்லையே என்று அன்றைக்கு எல்லோரும் சொல்லிச் சந்தோஷப்பட்டோம் என்றார்.

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். பெரிய மாமா அந்த இடத்திலேயே, வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் தேய்க்கச் சொன்னேன் மக்கா" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, கல்லைப் பார்த்துச் சொன்னாரா என்று தெரியவில்லை. திட்ட வேண்டும் என்று என் வாய் வரை எத்தனையோ வந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட மனுஷரை என்ன சொல்லித் திட்ட. பிள்ளை என் மாராப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். கல்லைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வாங்கிக்கொண்டு போய் எந்த மட்டத்தில் போடுவது?

என் வீட்டுக்காரர் அதுவரை தூணோரம் நின்றுகொண்டிருந்தார். மெல்ல வந்து என் கையிலிருந்த கூஜாவை வாங்கினார். பிள்ளைக்குக் கொடுக்கத்தான் வாங்குகிறார் என்று நினைத்து நானும் கொடுத்துவிட்டேன். அவர் நேரே கல்லிடம் போய், அதன் தலையில் தண்ணீரை ஊற்றினார். சிந்தாமல், நிதானமாக, கடைசிச் சொட்டு வரை ஊற்றினார். சுண்ணாம்பு பூசிய எழுத்துமேலே தண்ணீர் இறங்கி வந்தது. கல் நின்றுகொண்டிருந்ததால் மஞ்சள் குழியில் ஒரு சொட்டும் தங்கவில்லை. பீடத்தை நனைத்துத் தரையில் கொஞ்சதூரம் ஓடி, செங்கல் இடுக்கில் இறங்கிவிட்டது. சேவகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதிகாரி கையைக் காட்டி அவனை நிறுத்தினார். அவனே பிறகு ஒரு துணியைக் கொண்டுவந்து துடைத்தான்.

திரும்புகிற வழியில் பிள்ளை தண்ணீருக்கு அழுதான். அப்போதுதான் என் கோபம் முழுதும் வீட்டுக்காரர்மேல் திரும்பியது. "கல்லுக்கு ஊத்தினியளே, பெத்த பிள்ளைக்கு என்னத்த ஊத்துவிய? பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று மோட்டாரில் இருக்கிற ஜனம் எல்லாம் திரும்பிப் பார்க்கக் கேட்டேன். அவர் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். கோட்டாற்றில் இறங்கி ஒரு கடையில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தோம். மாமா எங்களுக்குப் பின்னால், ரொம்பப் பின்னால் நடந்து வந்தார்.

கால்வாய் பிரிகிற இடத்துக்கு வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. மேலூர் வாய்க்காலில் சலசலவென்று தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தாழ்ந்து கிடக்கிற புதுக் கல்லின்மேல் ஒரு பயமும் இல்லாமல் ஏறிப் போயிற்று. கரையில் மேலூர்க்காரர் ஒருவர் தோளில் மண்வெட்டியோடு நின்றார். அன்றைக்குக் கல்லை வண்டியில் ஏற்றத் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருத்தர். எங்களைப் பார்த்ததும் ரொம்ப மரியாதையாக, "பெயிட்டு வந்தாச்சா மக்கா? கல்லு சொகமா இருக்கா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் நின்றார். பிள்ளையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி. தாகமாக் கிடந்துது. வெள்ளம் குடுத்துட்டு வந்தேன்" என்றார்.

மேலூர்க்காரர் குனிந்து, கரையில் ஒன்றுமில்லாத இடத்தில் இரண்டு வெட்டு வெட்டினார். நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

பொதி வெளியே தள்ளியது. எல்லாம் வெள்ளைக் கதிர். உருவிப் பார்த்தால் கையில் உமிதான் நின்றது. தை மாசம் அறுத்தோம், வைக்கோலாவது மாட்டுக்கு ஆகுமே என்று. மாட்டையும் அதோடு சேர்த்து விற்கும்படி ஆயிற்று. நிலம் கைமாறியது. பெரிய மாமா அதற்குப் பிறகு யாருக்கும் மனு எழுதவில்லை. நாங்கள் கிளம்பும்போது தெருமுனை வரை வந்து, பிள்ளையின் தலையில் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு மாசியில் மலைக்குப் போனோம்.

அடுத்த மழைக்குள் பிள்ளை போய்விட்டான். காய்ச்சல்தான். நான் நினைத்தது நினைத்த மாதிரியே நடந்தது. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஒரு சரிவில் குழி வெட்டினார்கள். கூட வேலை செய்கிற ஒருத்தர் நல்ல மனதோடு ஒரு கல்லைத் தூக்கி வந்தார். மழையில் மண் கரைந்து இடம் தெரியாமல் போய்விடும், அடையாளத்துக்கு இதைப் போடட்டுமா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்லு வேண்டாம் என்றார்.